உலர்த்தி வாங்குவதற்கு முன் ஈரமீன் விலையைப் பாருங்கள்

திருகோணமலை மாவட்டத்து மூதூர்ப் பக்கத்துக் கரையோரக் கிராமமொன்றின் மாதர் சங்கத்திலிருந்து வந்த கேள்வி இது. சங்கத்தில் 22 பேர். ஒரு தொண்டு நிறுவனம் 15 இலட்சம் ரூபாய் வரை வாழ்வாதார உதவி தர முன்வந்திருக்கிறது. ‘நிலைபேறான அபிவிருத்தியும் வறுமைக் குறைப்பும்’ என்ற தலைப்பில் திட்டமொன்று எழுதிக் கொடுக்க வேண்டும். கருவாடு போடச் சூரிய உலர்த்தி வாங்குவதா, ஆளுக்கொரு ஆடு வாங்கிப் பிரிப்பதா? பாதிப்பேர் நுண்நிதி நிறுவனத்துக்குக் கிழமைக் கடன் கட்டுகிறவர்கள் என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். கேள்வி உலர்த்தியைப் பற்றியதுபோல இருந்தாலும், நீங்கள் கேட்க நினைத்தது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: திட்டக்காரர் பெயர்ப்பலகையை நட்டுவிட்டுப் போனபின், இரண்டாவது மாரி வரும்போதும் இந்த வீடுகளில் காசு புழங்குமா? அதற்கான விடை உலர்த்திக்குள் இல்லை. ஈரமீனை யாரிடம், என்ன விலைக்கு, யாருடைய காசில் வாங்கப்போகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

தலைப்பில் உள்ள பெரிய சொல்லை முதலில் முடித்துவிடுவோம். நிகழ்காலத் தேவையை நிறைவேற்றும்போது வருங்காலத் தலைமுறை தன் தேவையை நிறைவேற்றும் வழியைக் கெடுக்காதிருப்பது என்று ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணைக்குழு 1987இல் அதற்குப் பொருள் சொன்னது. 2015இல் வந்த 17 இலக்குகளில் முதலாவது வறுமை ஒழிப்பு, பதினான்காவது கடல்வளம். இலங்கையில் 2017ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க நிலைபேறான அபிவிருத்திச் சட்டமும் இருக்கிறது. திட்டவரைவில் இவற்றை ஒரு பந்தியில் எழுதினால் போதும். படிக்கிற அதிகாரிக்கு உங்கள் கணக்குத்தான் தேவை.

கணக்குக்கு வருவோம். கீழேயுள்ள விலைகள் கணக்குக் காட்டுவதற்காக வைத்தவை. உங்கள் கரையின் இன்றைய விலையை அந்த இடங்களில் போட்டுப் பாருங்கள். 100 கிலோ கட்டா மீனைக் கிலோ 600 ரூபாய்க்கு வாங்கினால் 60,000. ஐஸ், உப்பு, பொதி, ஓட்டோக் கூலி எல்லாம் சேர்த்து 7,000. குடலும் செவுளும் போக ஏறத்தாழ 80 கிலோ மிஞ்சும். உப்பில் கிடந்து காய்ந்து முடியும்போது கையில் 35 கிலோ வரை கருவாடு நிற்கும். மொத்தமாக வாங்குகிறவர் கிலோவுக்கு 2,200 தந்தால் 77,000. மிச்சம் 10,000. வெட்டி, கழுவி, உப்பிட்டு, பிரட்டி, பொதிசெய்ய எல்லாமாகப் பத்து ஆள்நாள் போகும். ஆகவே ஆளுக்கு நாட்கூலி 1,000. இனி இரண்டு விடயங்களை மாற்றிப் பாருங்கள். பத்து வீதம் புழுத்தோ மழையில் நனைந்தோ கெட்டால் மூன்றரைக் கிலோ போகும், அதாவது 7,700 ரூபாய். நாட்கூலி 230க்கு இறங்கிவிடும். மாறாக, மீன் அள்ளுப்பட்ட நாளொன்றில் அதே மீனைக் கிலோ 500க்கு வாங்கியிருந்தால் மிச்சம் 20,000, நாட்கூலி 2,000. உலர்த்தியால் தரம் கூடிக் கருவாட்டின் விலை பத்து வீதம் ஏறினாலும் வருவது 7,700தான். ஈரமீனில் நூறு ரூபாய் குறைந்தால் வருவது 10,000. கரையிலுள்ள மீன் வாடியில் நின்று தலைக்குள்ளேயே போட்டுப் பார்க்க ஒரு வழி: ஈரமீன் விலையை மூன்றால் பெருக்கி, அதோடு 200 கூட்டுங்கள். கருவாட்டின் மொத்த விலை அதற்குக் கீழே என்றால் அன்றைக்கு வாங்க வேண்டாம், வீட்டுக்குக் கறிக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

இந்தக் கணக்கில் இன்னொரு உண்மையும் ஒளிந்திருக்கிறது. 10,000 ரூபாயை 22 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 450 சொச்சம். 22 பேரும் ஒரே தொழிலில் என்று எழுதுவது அறிக்கைக்கு அழகு, வீட்டுக்கு உதவாது. கருவாட்டுக்கு எட்டுப் பேர் போதும், கூடிப்போனால் பத்து. மற்றவர்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். இதைச் சங்கக் கூட்டத்தில் முதலே வெளிப்படையாகப் பேசாவிட்டால், மூன்றாம் மாதம் ‘வேலை நாங்கள், பங்கு எல்லாருக்கும்’ என்று சண்டை வரும். பெரும்பாலான கூட்டுத் தொழில்கள் மீனால் கெடுவதில்லை, பங்கால்தான் கெடுகின்றன. வேலைசெய்தவருக்கு அன்றன்றைக்குக் கூலி, சங்கத்துக்கு மிச்சத்தில் ஒரு வீதம் என்று தொடக்கத்திலேயே எழுதி எல்லாரும் கையெழுத்து வையுங்கள்.

மலிவான மீன் எப்போது வரும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பங்குனி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை கடல் சாதகம், வெயில் உண்டு, கச்சான் காற்றும் உலர்ந்த காற்று. கொட்டியாரக் குடாவிலும் இறக்கக்கண்டி, குச்சவெளிப் பக்கத்திலும் கரைவலையில் சூடையும் நெத்தலியும் குவியும் நாட்களில் விலை மதியத்துக்குள் பாதியாகிவிடும். ஐப்பசிக்குப் பிறகு வாடை, மழை. ஆக, காயவைக்க ஏற்ற மாதங்களும் மீன் மலிந்த மாதங்களும் ஒன்றுதான். தடையாக இருப்பது வேறொன்று: படகுக்காரர் பலர் முதலாளியிடமோ சம்மாட்டியிடமோ முற்பணம் வாங்கியிருப்பார்கள். இயந்திரத்துக்கும் வலைக்கும் வாங்கிய அந்தக் காசு தீரும்வரை மீன் அவருக்கே போகும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறியபின் இந்தப் பிடி இன்னும் இறுகியது. கரையில் நின்று ‘எங்களுக்கும் தாருங்கள்’ என்றால் கழிவு மீன்தான் கிடைக்கும். ஆகவே முற்பணக் கட்டில்லாத படகுகள் எத்தனை, கரைவலைக்காரரில் யார் கைக்காசுக்கு விற்கிறார்கள் என்று பெயர்ப்பட்டியல் போடுங்கள். அப்படி நாலு பேர்கூட இல்லையென்றால் கருவாட்டுத் திட்டத்தை அங்கேயே விட்டுவிடலாம். இருந்தால், உங்களுக்கு முதலில் வேண்டியது சுழல்முதல்: மலிந்த நாளில் கையில் எண்ணிக் கொடுக்கக் காசு.

மீன் கைக்கு வந்ததிலிருந்து உப்பில் இறங்கும்வரை உள்ள நேரம்தான் தரத்தைத் தீர்மானிக்கிறது. நமது வெயிலில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். றிஜிபோம் பெட்டியில் அடியிலும் மேலேயும் இடையிடையேயும் போட வேண்டும், மேலே மட்டும் தூவினால் அடிமீன் வெந்துவிடும். சூரை, சூடை போன்ற இனங்களில் இது இன்னும் முக்கியம். சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உருவாகும். அது உப்பாலும் போகாது, வெயிலாலும் போகாது, அடுப்பில் கொதிக்கவைத்தாலும் போகாது. மணத்தையும் நம்ப முடியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலைவலி, வாந்தி வந்தால் ‘ஒவ்வாமை’ என்று வைத்தியசாலைக்கு ஓடுவார்கள், உங்கள் கருவாட்டின் பெயர் போகும். பிடித்து நாலு மணித்தியாலம் ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்கக் கூடாது.

பெரிய மீனை முதுகுப் பக்கமாகப் பிளந்து விரித்து, குடல், செவுள், முள்ளோடு ஒட்டிய இரத்தக்கட்டி எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். அந்த இரத்தம்தான் பின்னால் கறுத்து மணக்கும். சதை தடித்த இடத்தில் இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு ஒரு கீறல். நல்ல தண்ணீரில் கழுவி வடியவிடுங்கள். பிறகு நாலு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு, தடித்த மீனென்றால் மூன்று கிலோவுக்கு ஒன்று. பிளாஸ்டிக் தொட்டியில் அடியில் உப்பு, அதன்மேல் மீன் தோல் கீழாக, மேலே உப்பு என்று அடுக்கி, கடைசி அடுக்கை மட்டும் தோல் மேலாக வைத்து, பலகை போட்டுப் பாரம் ஏற்றுங்கள். சில மணித்தியாலத்தில் மீனிலிருந்தே நீர் ஊறி உயரும். அந்த நீருக்கு மேலே தலைகாட்டும் துண்டில்தான் ஈ முட்டையிடும், ஆகவே எல்லாம் மூழ்கியிருக்க வேண்டும். 24 மணித்தியாலம், தடித்ததென்றால் 48. சூடையை உப்புத் தண்ணீரில் ஊறவிடலாம்: 10 லீற்றருக்கு 2 கிலோ உப்பு, ஒரு மணித்தியாலம். நெத்தலியைக் கழுவி, பத்துக்கு ஒன்று என்ற உப்புத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் முக்கி எடுத்தால் போதும்.

உப்பைப் பற்றி ஒரு சொல். உப்பளத்தில் அன்றைக்கு வாரிய உப்பு மலிவு, ஆனால் அதில் மக்னீசியம் கூட. கருவாடு கைக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். ஆறு மாதமாவது குவித்து வடிந்த பழைய உப்பைக் கேளுங்கள். கருவாட்டில் இளஞ்சிவப்பாகப் படர்ந்து பிசுபிசுக்கும் ஒரு பழுது உண்டு. அது உப்பிலேயே வாழும் நுண்ணுயிர், வெயிலில் காய்ச்சிய உப்போடு வருவது. ஒரு தொட்டியில் கண்டால் அந்த உப்பைத் திரும்பப் பாவிக்காதீர்கள், தொட்டியையும் பலகையையும் குளோரின் தண்ணீரில் கழுவி வெயிலில் போடுங்கள். ஊறிய உப்புநீரை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்வது சிக்கனம்போலத் தெரியும், அது பழுதைத் தொட்டிக்குத் தொட்டி காவிக்கொண்டு போகும் வேலை.

காயவைக்க மணலும் பாயும் வேண்டாம். முக்கால் மீற்றரிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் கம்பு நட்டு, மேலே வலை விரித்த பந்தல் போதும். கீழேயிருந்தும் காற்று அடிப்பதால் பாயில் மூன்று நாள் எடுப்பது இதில் இரண்டு நாளில் காயும். மேற்பரப்பு உப்பைக் கழுவிவிட்டுத்தான் போட வேண்டும். ஒரு சதுர மீற்றருக்கு 5 முதல் 7 கிலோ, அதற்குமேல் அடைத்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இடம் புழுக்கும். முதல்நாள் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிரட்டுங்கள். பொழுதுபட அள்ளி அடுக்கி, மேலே பாரம் வைத்து மூடுங்கள். இது பனிக்குப் பயந்து மட்டும் செய்வதல்ல. இரவில் உள்சதையின் ஈரம் வெளியே வந்து சமப்படும், மறுநாள் காய்ச்சல் சீராகும். உச்சிவெயிலில் ஒரே மூச்சில் காயவிட்டால் மேலே ஓடுபோல இறுகி, உள்ளே ஈரம் அடைபட்டு, பத்தாம் நாள் உள்ளிருந்து அழுகும். காய்ந்ததா என்று விரலால் பார்க்காமல் தராசில் பாருங்கள். அடையாளம் வைத்த ஐந்து மீனை முதல்நாள் மாலையும் அடுத்த நாட்களின் மாலையும் நிறுங்கள். இரண்டு மாலை நிறைக்கு இடையில் பெரிய வித்தியாசம் இல்லாத நாள் எடுக்கும் நாள்.

இப்போது உலர்த்தி. அது வீண் என்று நான் சொல்லவில்லை. ஈ உள்ளே வராது, திடீர் மழைக்கு ஓட வேண்டாம், பூனையும் காகமும் தொடாது, 45 பாகைக்கு மேலான சூட்டில் ஈயின் புழுவும் பிழைக்காது. ஆனால் விற்பவர் சொல்லாத நாலு விடயம் உண்டு. முதலாவது கொள்ளளவு. 80 கிலோ மீனுக்குக் குறைந்தது 12 சதுர மீற்றர் தட்டு வேண்டும், சந்தையில் வரும் சின்னப் பெட்டி உலர்த்தி அதில் கால்வாசிகூடக் கொள்ளாது. இரண்டாவது, காற்றோட்டம். கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் வாய் இல்லாவிட்டால், அல்லது சூடு போய்விடுமே என்று யாராவது அதை அடைத்துவிட்டால், மீன் காயாமல் அவியும். 55 பாகையைத் தாண்டினால் சதை வெந்து உதிரும், எடுக்கும்போது தூள்தான் மிஞ்சும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கக்கூடிய ஒரு சாதாரண வெப்பமானியை நடுத்தட்டில் தொங்கவிடுங்கள். மூன்றாவது, விரிப்பு. புறஊதாக் கதிர் தாங்கும் பொலித்தீன் இல்லையென்றால் நமது வெயிலில் சில மாதத்தில் நொறுங்கும். மாற்று விரிப்பின் விலையையும் கிடைக்கும் கடையையும் கேட்காமல் கையெழுத்து வைக்கக் கூடாது. நாலாவது, வெயிலில்லாத மாரியில் வெறும் சூரிய உலர்த்தி ஒரு பொலித்தீன் அறைதான். என் எண்ணம்: முதல் ஆண்டு 20 சதுர மீற்றர் திறந்த பந்தல், அதன்மேல் இழுத்து மூட நுளம்பு வலை, மழைக்கு உருட்டி இறக்க ஒரு படங்கு. உலர்த்தியை இரண்டாம் ஆண்டு, உங்கள் சொந்தக் கணக்கு அதைக் கேட்டால் வாங்குங்கள்.

ஈயை விரட்டப் பூச்சிமருந்து தெளிக்கும் பழக்கம் சில வாடிகளில் உண்டு. அதை யாரும் மருந்தென்று சொல்லமாட்டார்கள், ‘தண்ணி அடிக்கிறது’ என்பார்கள். செய்யவே கூடாது. ஈ வருவது கழிவால். குடலை முழங்கால் ஆழத்துக்குமேல் புதைத்து மண் மூடினால், அல்லது அன்றன்றைக்கே சர்க்கரைக் கழிவோடு மூடிய வாளியில் ஊறப்போட்டுத் தோட்டக்காரருக்குக் கொடுத்தால், ஈ பாதிக்குமேல் குறையும்.

சேமிப்பில்தான் காசு இருக்கிறது, நட்டமும் இருக்கிறது. மாரியில் கருவாட்டு விலை ஏறும், ஆகவே ஆவணிச் சரக்கைக் கார்த்திகைக்கு வைக்க ஆசை வரும். ஆனால் காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுக்கத் தொடங்கும். அது உப்பின் இயல்பு, எவ்வளவு நன்றாகக் காயவைத்தாலும் மாறாது. வாடைக் காலத்தில் நமது கரையில் பெரும்பாலான நாள் அதற்கு மேல்தான். சாக்கில் வைத்த கருவாடு அதனால்தான் நசநசக்கிறது. தடித்த பொலித்தீனில் இரட்டையாகக் கட்டி, மூடியுள்ள பீப்பாயில், தரையிலிருந்து உயர்த்திய பலகையில் வைத்து, வெயில் கண்ட நாளில் பிரித்து மறுபடி காட்ட வேண்டும். வண்டு விழுந்ததை மற்றதோடு சேர்க்கக் கூடாது. முதல் ஆண்டில் சரக்கின் ஐந்திலொரு பங்கை மட்டும் மாரிக்கு வையுங்கள், மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். பொதிபோட்டுக் கடைக்குக் கொடுப்பதென்றால் பெயர், நிகர நிறை, பொதிசெய்த திகதி, காலாவதித் திகதி, விலை, முகவரி வேண்டும். தொழிலைப் பிரதேச செயலகத்தில் பதிந்து, இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு முதலே காட்டிவிடுங்கள்.

நிலைபேறு என்ற சொல்லுக்கு உங்கள் ஊரில் கண்ணால் காணக்கூடிய பொருள் இரண்டு. ஒன்று கிணறு. கரையோர மணலில் நன்னீர், உப்புநீருக்கு மேலே ஒரு மெல்லிய வில்லைபோல மிதக்கிறது. ஊறல் தொட்டியின் உப்புநீரைக் கொல்லையில் ஊற்றினால் அது நேரே அந்த வில்லைக்குள் இறங்கும், கிணறு உவர்த்தால் திரும்ப நன்னீராக எத்தனையோ மாரி வேண்டும். கிணற்றுப் பக்கம் தொட்டி வைக்கக் கூடாது, கழிவு உப்புநீர் வாளியில் கடலுக்கே போக வேண்டும். மற்றது வெடி மீன். டைனமைட் போட்டுப் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டப்படி குற்றம், இருந்தும் திருகோணமலைக் கடலில் அது தீர்ந்தபாடில்லை. முள் முறிந்து, வயிற்றுக்குள் இரத்தம் உறைந்து, சதை தொளதொளத்த மீன் அது. பவளப்பாரையைத் தூளாக்கிப் பிடித்தது என்பது ஒருபுறம், உப்பில் போட்டால் அந்தச் சதை பிளந்து உதிரும் என்பது மறுபுறம். வாங்காமலிருக்க இரண்டு காரணமும் ஒரே பக்கம் நிற்கின்றன. விரலளவு குஞ்சு மீனும் அப்படித்தான், காய்ந்தால் எடை நிற்காது. நெத்தலி விதிவிலக்கு, அது வளர்ந்தாலும் அவ்வளவுதான்.

நீங்கள் கடைசி வரியில் போட்ட கிழமைக் கடனை நான் முதல் வரியில் போட்டிருப்பேன். ‘24 வீத வட்டி’ என்று சொல்லி 100,000 ரூபாய் தந்து, 52 கிழமையில் 124,000 வாங்கினால், கிழமைக்கு 2,385 ரூபாய். முதல் கிழமையிலிருந்தே கடன் தொகை குறைந்துகொண்டு வருவதால், கையிலிருக்கும் பணத்துக்கு நீங்கள் கட்டும் உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 44 வீதம், கூட்டுவட்டியாகப் பார்த்தால் 50ஐயும் தாண்டும். நுண்நிதிச் சட்டம் 2016இல் வந்தது. 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் ஓர் இலட்சம் வரையான கடன்களை அரசு பொறுப்பேற்றதும், உண்மை வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு வைக்கப்பட்டதும் இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குச் சாட்சி. கருவாட்டுக் காசு வருவது நாலைந்து நாளுக்கு ஒருமுறை, அதுவும் ஆறேழு மாதம். கிழமைக் கட்டு வருவது 52 கிழமையும். இந்த இரண்டும் பொருந்தாது. கட்டு வந்த நாளில் கருவாட்டைப் பாதி காய்ந்தபடி விற்கவேண்டி வரும், அங்கேதான் மிச்சமெல்லாம் போகும். ஆகவே உறுப்பினர் ஒவ்வொருவரின் மீதிக் கடனையும் கிழமைக் கட்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். நகை அடைவில் இருந்தால் அதையும் எழுதுங்கள். தொழில் தொடங்குவதற்காகப் புதுக்கடன் எடுப்பதில்லை என்று சங்கம் தீர்மானிக்கட்டும். சுழல்முதலை ஆளாளுக்குக் கடனாகப் பிரிப்பதும் இல்லை. அப்படிப் பிரித்தால் அது முதல் மாதமே பழைய கட்டுக்குப் போகும், யாரையும் குறைசொல்லவும் முடியாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்கக்கூடும். உறுதியாகச் சொல்லக்கூடியது: 2015இல் வெளியான ஆறு நாட்டு ஆய்வு, எதியோப்பியா, கானா, ஹொண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய இடங்களில் மிக வறிய குடும்பங்களுக்கு ஒரு சொத்து, சில மாதச் சாப்பாட்டுச் செலவு, பயிற்சி, சேமிப்பு, வீடு தேடி வந்து பார்க்கும் ஒரு ஆள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தபோது, திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் வருமானமும் சாப்பாடும் கூடி நின்றதைக் காட்டியது. பங்களாதேசத்தின் பிராக் அமைப்பு 2002இல் தொடங்கிய முறை அது. ஹொண்டுராஸில் மட்டும் பலன் நிற்கவில்லை, அங்கே கொடுத்த கோழிகளில் பல நோயில் செத்தன. நுண்கடன் தனியே வறுமையைப் போக்கியதாக அதே ஆண்டில் வெளியான வேறு ஆறு ஆய்வுகளும் காட்டவில்லை. விவாதத்துக்குரியது இன்னொன்று, அது நம் நாட்டிலேயே நடந்தது. களுத்துறை, காலி, மாத்தறையில் சிறுதொழில் செய்பவர்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் இலவச முதல் கொடுத்துப் பார்த்தபோது, ஆண்களின் தொழிலில் இலாபம் நன்றாகக் கூடியது, பெண்களின் தொழிலில் எதுவும் கூடவில்லை. பெண்களால் முடியாது என்று அதற்கு அர்த்தம் எடுத்தவர்கள் உண்டு. அதே தரவைப் பிறகு வேறு கோணத்தில் பார்த்தவர்கள், வீட்டில் வேறொரு தொழிலும் இருந்தால் அவள் பெயரில் வந்த காசு அங்கே போனது என்று காட்டினார்கள். இது உங்கள் ஊருக்கும் அப்படியே பொருந்துமா என்பதை உங்கள் கணக்குப் புத்தகம்தான் சொல்லும். கணவரின் வலைக்குக் காசு போவது குற்றமில்லை. ஆனால் போனால் போனதென்று எழுதிவைக்க வேண்டும்.

பொருளை மட்டும் கொடுப்பது எங்கே முடியும் என்பதற்கு நம் கரையே உதாரணம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு சின்னப் படகுகள் தேவைக்கு மேல் கொடுக்கப்பட்டன, அவற்றில் தரமில்லாதவையும் இருந்தன. ஒரே கரைக்கடலில் படகு கூடியதே தவிர மீன் கூடவில்லை.

ஆட்டைப் பற்றிக் கேட்டீர்கள். ஆளுக்கொரு ஆடு என்பது பங்கீட்டுக்குச் சுலபம், வளர்ப்புக்கு உதவாது. ஒரு வீட்டுக்கு இரண்டு மறி (பெண் ஆடு), ஐந்தாறு வீட்டுக்கு ஒரு நல்ல கிடாய் என்றால் பொருள் உண்டு. வயல் விதைத்த மாதங்களில் கட்டித்தான் வளர்க்க வேண்டும், அப்போது தீனி யார் வெட்டுவது என்று முடிவாக வேண்டும். உயர்ந்த தரைக் கொட்டில் இல்லாமல் மாரியில் குட்டி தங்காது. ஆட்டை வருமானமாகப் பார்க்காமல் உண்டியலாகப் பாருங்கள்: பிள்ளை கம்பஸுக்குப் போகும்போது விற்க ஒன்று நிற்கும். கருவாட்டில் சேராத பன்னிரண்டு பேரில் இடமும் மனமும் உள்ள ஐந்தாறு பேருக்கு இது சரியாக வரும்.

15 இலட்சத்தில் பந்தல், கொட்டகை, தொட்டி, தராசு, பெட்டி எல்லாவற்றுக்கும் 5 இலட்சத்துக்கு மேல் போக விடாதீர்கள். கட்டடம் பெரிதாக இருந்தால் படம் எடுக்க நல்லாயிருக்கும் என்று திட்டக்காரர் அங்கேதான் தள்ளுவார்கள். 4 இலட்சம் மீன் வாங்கும் சுழல்முதல், சங்கத்தின் பெயரில் தனி வங்கிக் கணக்கில், மூன்று பேர் கையெழுத்தில். 3 இலட்சம் ஆட்டுக்கும் கொட்டிலுக்கும். மிச்சம் 3 இலட்சத்தைத் தொடாமல் வையுங்கள், கடல் கொந்தளித்த இரண்டு மாதத்துக்கும் கெட்டுப்போன இரண்டு தொட்டிக்கும் அது வேண்டும். நிறுவனம் சுழல்முதலாகக் காசு தர மறுத்தால், உலர்த்திக்குப் பதில் ஐஸ் பெட்டியும் உப்பும் ஆறு மாதத்துக்குத் தரும்படி கேளுங்கள், அதுவும் சுழல்முதல்தான்.

இவ்வளவையும் எழுதுவதற்கு முன், சங்கத்தின் சொந்தக் காசில் 30 கிலோ வீதம் மூன்று தடவை போட்டுப் பாருங்கள். ஒன்று கட்டா, ஒன்று சூடை, ஒன்று நெத்தலி. பந்தலுக்குக் கம்பும் பழைய வலையும் போதும். ஒவ்வொரு தடவையும் வாங்கிய விலை, வெட்டியபின் நிறை, உப்பு, காய்ந்தபின் நிறை, கழித்த நிறை, வேலைசெய்த மணித்தியாலம், விற்ற விலை, விற்ற இடம் என்று எட்டு விவரம் எழுதுங்கள். நான் மேலே 100 கிலோவுக்கு 35 கிலோ என்று வைத்த இடத்தில் உங்களுக்கு 31 வரலாம், 38 வரலாம். அந்தத் தாளை நிறுவனத்தின் மேசையில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.